உடைந்த பழைய ஜப்பானியக் கிண்ணம்: பொன் பூசுவதா, மறைப்பதா, அப்படியே விடுவதா?

கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில் வாங்கியது, ஜப்பானில் வேலை பார்த்த உறவினர் கொடுத்துவிட்டுப் போனது, இணைய ஏலத்தில் எடுத்தது என்று பழைய ஜப்பானியப் பாண்டங்கள் நம் வீடுகளுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. அதில் ஒன்று உடைந்துவிட்டால், அல்லது உடைந்த ஒன்றை வாங்கிவிட்டால், கேட்கிற எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இதற்குக் கின்ட்சுகி செய்யலாமா?" அதாவது, துண்டுகளை ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொன் பூசலாமா என்று.

பொன் கோடு ஓடும் கிண்ணங்களின் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் மனம் நேராக அங்கே போகிறது. என் கருத்து இது: சில பாண்டங்களுக்குப் பொன் பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது. குறையை மதிப்பது என்றால் குறை இருக்கும் இடத்தையெல்லாம் பொன்னால் கோடிடுவது என்று ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் ஒருபோதும் எண்ணியதில்லை. அவர்கள் ஒவ்வொரு பாண்டத்துக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுத்தார்கள். நாமும் அப்படித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

## முதலில் பார்க்க வேண்டியவை

குறை எங்கே உண்டானது? எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கேள்வி. சூளைக்குள் உண்டான பிளவையும், பிறகு கை தவறி விழுந்து உண்டான பிளவையும் ஜப்பானியப் பழம்பொருள் வணிகர்கள் ஒன்றாக எண்ணுவதில்லை. சூளையில் உண்டானதைக் 'காமாகிஸு' என்று தனியாகச் சொல்வார்கள். அதனால் பாண்டத்தின் மதிப்பு பெரிதாக இறங்காது. டோக்கியோவின் கோதோ அருங்காட்சியகத்தில் இகா சூளையில் சுட்ட ஒரு நீர்ச்சாடி இருக்கிறது. 'யாபுரேபுகுரோ', அதாவது கிழிந்த பை என்று அதற்குப் பெயர். சூட்டில் உடல் தொய்ந்து, அடிப்பக்கம் பெரிதாகப் பிளந்து, நிற்பதே அதிசயம் என்று தோன்றும். ஜப்பான் அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. அந்தப் பிளவுகளை நீக்கிவிட்டால் அந்தச் சாடியே இல்லை.

இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனாவின் ஜிங்தெஜென் ஊரில் செய்து ஜப்பானுக்கு வந்த நீலப்பூ வேலைத் தட்டுகளில், விளிம்பு மெருகு (மண்ணின் மேல் கண்ணாடிபோல் படிந்த பூச்சு) ஆங்காங்கே பொரிந்து உதிர்ந்திருக்கும். மண்ணும் மெருகும் ஒரே அளவில் சுருங்காததால் வருவது அது. தேநீர் ஆசான்கள் அதற்கு 'பூச்சி அரித்தது' என்று பெயர் வைத்து விரும்பி வாங்கினார்கள். விவரம் தெரியாமல் அந்த விளிம்பை நிரப்பிச் சீராக்கினால், எதற்காக வாங்கினோமோ அதையே அழித்துவிடுவோம். ஹாகி ஊர்க் கிண்ணங்களின் மெருகில் ஓடும் நுண்விரிசல் வலையும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் தேநீர் அதன் வழியே ஊறி நிறம் மாறுவதை 'ஏழு மாற்றம்' என்று கொண்டாடுவார்கள். அது சரிசெய்ய வேண்டிய விஷயமே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? சூளைப் பிளவின் ஓரம் மழுங்கியிருக்கும், பல இடங்களில் மெருகு உள்ளே வழிந்திருக்கும். பின்னால் வந்த விரிசல் கூர்மையான கோடாக, அழுக்கேறித் தெரியும். மண்பானை வாங்கும்போது செய்வதுபோல விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பீங்கான் என்றால் கணீரென்ற ஒலி வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசலோ பழைய ஒட்டோ இருக்கிறது. குறைந்த சூட்டில் சுட்ட ராக்கு, ஹாகி வகை மண்பாண்டங்கள் இயல்பாகவே மந்தமாக ஒலிக்கும், அவற்றில் இந்தச் சோதனை பயன்படாது.

மண் எப்படிப்பட்டது? அரிதா, இமாரி என்ற பெயர்களில் வரும் பீங்கான் நீரை உறிஞ்சாது. ஹாகி, ராக்கு, கராட்சு போன்ற மண்பாண்டங்கள் ஓரளவு உறிஞ்சும். எந்தப் பசை பிடிக்கும், எது கறையாக ஊறும் என்பது இதைப் பொறுத்தது.

அதில் குடிக்கப் போகிறீர்களா? வாய் படும் கிண்ணத்துக்கும் அலமாரியில் நிற்கும் குடுவைக்கும் ஒரே முறை சரிவராது.

பின்னால் பிரிக்க முடியுமா? இன்று நாம் செய்வதை நாளை இன்னொருவர் கலைத்துவிட்டுச் சரியாகச் செய்ய நினைக்கலாம். அதற்கு வழி விடுகிறோமா?

செலவும் காலமும். கூலி, அனுப்பும் செலவு, காத்திருப்பு, நாமே ஒட்டினால் தோலில் வரக்கூடிய அரிப்பு உட்பட.

## அப்படியே விடுவது

இதை ஒரு தேர்வாகவே பலர் எண்ணுவதில்லை. ஆனால் மயிரிழை விரிசலும் விளிம்பில் அரிசியளவு உதிர்வும்தான் என்றால் என் முதல் ஆலோசனை இதுதான். மெலிதான விரிசல் மேல் பொன் கோடு போட்டால் கண் அதை மட்டுமே பார்க்கும். கிண்ணத்தின் வடிவமும் மெருகும் பின்னால் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், விரிசல் நீளலாம். அதிலும் குளிர்ந்த பீங்கானில் கொதிநீரை ஊற்றினால் நீள்வது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரிசலுக்குள் பாலும் எண்ணெயும் போனால் நாற்றம் வரும், பிறகு ஒட்ட நினைத்தாலும் பசை பிடிக்காது. அதனால் இந்த வழியில் போனால் பயன்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். உலர் பண்டம் வைக்கலாம், பூ வைக்க உள்ளே இன்னொரு குவளை வைக்கலாம்.

துண்டு துண்டாக உடைந்திருந்தாலும் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மென்தாளில் சுற்றி, பொடியையும் சேர்த்து எடுத்துவையுங்கள். உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்திப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒவ்வொரு முறையும் ஓரம் கொஞ்சம் உதிரும், பிறகு ஒட்டு நெருக்கமாக அமையாது.

## உருஷியும் பொன்னும்

உருஷி என்பது ஒரு மரத்தின் பால். ஜப்பானிய மரச்சாமான்களுக்குப் பளபளப்புத் தருவதும் அதுதான். கின்ட்சுகியில் ஒட்டும் வேலையை உருஷி செய்கிறது, பொன் மேலே தூவும் தூள் மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பச்சை உருஷியோடு (பதப்படுத்தாத உருஷி) கோதுமை மாவையும் நீரையும் பிசைந்து துண்டுகளை ஒட்டுவார்கள். சிறு குழிகளை நுண்மண் பொடி கலந்த உருஷியாலும், பெரிய இடைவெளிகளை மரத்தூள் கலந்ததாலும் நிரப்புவார்கள். இழைத்து, கறுப்பு உருஷி பூசி, மறுபடி இழைத்து, கடைசியில் சிவப்பு உருஷியை மெலிதாக இட்டு, அது இறுகும் முன் பொன் தூளைத் தூவுவார்கள். பிறகு அகேட் கல்லாலோ மீன் பல்லாலோ தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். உருஷி காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தில்தான் இறுகும். அதிலுள்ள நொதி வேலை செய்ய ஏறக்குறைய 20 முதல் 30 டிகிரி வெப்பமும், 70 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஈரப்பதமும் வேண்டும். சென்னை, கொழும்பு மாதிரியான கடலோர ஊர்களின் காற்று இதற்கு இயல்பாகவே ஒத்துவரும். குளிரூட்டிய அறை ஒத்துவராது. ஒவ்வொரு அடுக்கும் நாள்கணக்கில், முதல் ஒட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியது என்பதால், ஒழுங்காகச் செய்தால் சில மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் உண்மையான கின்ட்சுகி தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது உருஷி வேலை இல்லை.

இதன் பெரிய பலம், அதில் குடிக்கலாம். முழுக்க இறுகிய உருஷிதான் ஜப்பானியச் சூப்புக் கிண்ணங்களின் உட்பூச்சு. சூடு, உப்பு, புளிப்பு எல்லாவற்றையும் தாங்கும். மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம், நேர் வெயில் மூன்றும் ஆகாது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். பொன் தூள் மிகக் கொஞ்சம்தான் செலவாகும், பெரும்பாலும் கூலிதான் பெரிது. உறிஞ்சும் மண்ணில் பச்சை உருஷி ஒட்டின் இருபுறமும் பழுப்பாக ஊறிக் கறைபடும். ஓரங்களை முன்கூட்டியே மறைத்துப் பூசத் தெரிந்தவரிடம்தான் ஹாகி, ராக்கு கிண்ணங்களைக் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இறுகாத உருஷி தோலில் பட்டால் பலருக்கு ஓரிரு நாள் கழித்துக் கடுமையான தடிப்பும் அரிப்பும் வரும். சேங்கொட்டை, முந்திரிக் கொட்டைத் தோல், மாங்காய்ப் பால் எல்லாம் இதே தாவரக் குடும்பம். இவற்றில் ஏதாவது உங்களுக்கு ஒவ்வாது என்றால் உருஷியைத் தொடவே வேண்டாம்.

பொன் எப்போது பொருந்தும்? கலைஞர் ஹோன்அமி கோயெட்சு (1558–1637) செய்த 'செப்போ', அதாவது பனிச்சிகரம் என்ற சிவப்பு ராக்கு கிண்ணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். டோக்கியோவின் ஹதகெயாமா அருங்காட்சியகத்தில் இருப்பது. சூளையில் உண்டான ஒரு பெரிய பிளவு விளிம்பிலிருந்து கீழே ஓடுகிறது, அதில் பொன். கிண்ணத்தின் மேற்பக்கம் வெண்மெருகு பனிபோலப் படிந்திருப்பதால், அந்தப் பெயரோடு பொன் கோடு உருகி வழியும் நீராக இணைந்துவிடுகிறது. உடல் திண்ணமாக, மெருகு அடக்கமாக, உடைவு சிலவே, ஆனால் தெளிவானவை: அங்கே பொன் பேசும். மாறாக, ஏற்கெனவே சிவப்பும் நீலமும் பொன்னும் நிறைந்த இமாரித் தட்டில் இன்னும் நான்கு பொன் கோடுகள் ஓடினால் ஓவியம் கலைந்துவிடும். பத்துப் பதினைந்து சில்லுகளாக நொறுங்கியதிலும் அப்படித்தான், பாண்டம் மறைந்து வலை மட்டும் தெரியும்.

## பொன் இல்லாத உருஷி

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. மேலே சொன்ன எல்லாப் படிகளும் உண்டு, கடைசிப் பொன் தூள் மட்டும் இல்லை. ஒட்டு கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ நிற்கும். பிஸென், ஷிகராக்கி, கராட்சு போன்ற மண்ணிறப் பாண்டங்களில் இது அவ்வளவு இயல்பாக அமரும். மறைக்கவும் இல்லை, கூவவும் இல்லை. உணவுப் பயன்பாட்டுக்குப் பொன் வேலைக்கு நிகரானது. செலவு குறையும், காலம் அதே. வெள்ளித் தூள் கேட்கலாம், ஆனால் வெள்ளி கறுக்கும். அந்தக் கறுப்பையே விரும்பிக் கேட்பவர்களும் உண்டு.

தயங்க வேண்டிய இடம் வெள்ளைப் பீங்கான் மட்டும்தான். அதில் கறுப்புக் கோடு பார்ப்பவருக்கு அழுக்காகத் தோன்றிவிடும். இன்னொரு நன்மை, இதை இப்படியே விட்டுவைத்து, பல ஆண்டு கழித்துப் பொன் வேண்டும் என்று தோன்றினால் அதன் மேலேயே பூசிக்கொள்ளலாம். முடிவு எடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

## தெரியாமல் ஒட்டுவது

மறைப்பு ஒட்டு என்றாலே ஜப்பானிய அழகுணர்வுக்கு எதிரானது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1615இல் ஒசாகா கோட்டை எரிந்து விழுந்தபோது, 'த்சுகுமோ நாசு' என்ற சீனத் தேயிலைத்தூள் குடுவை சாம்பலில் புதைந்தது. கோட்டையை வென்ற தொகுகாவா இயெயாசுவின் ஆணைப்படி உருஷி வினைஞர்கள் ஃபுஜிஷிகே தோகெனும் அவர் மகன் தோகனும் துண்டுகளைத் தேடியெடுத்து ஒட்டினார்கள். மெருகு என்று கண்ணுக்குத் தெரிவதே உண்மையில் உருஷிப் பூச்சு. பிற்காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே துண்டுகள் எப்படிக் கிடக்கின்றன என்பது தெரிந்தது. டோக்கியோவின் செய்கதோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இன்றைக்கு இந்த வேலை பெரும்பாலும் எபாக்ஸி என்ற செயற்கைப் பசையும் நிறமும் கொண்டு நடக்கிறது. ஓவியம் முக்கியமான இமாரித் தட்டு, உருவப் பொம்மை, அலங்காரக் குடுவை இவற்றுக்குப் பொருத்தம். உணவுக்கு ஆகாது. நிறம் ஆண்டுகள் போகப் போக மஞ்சளிக்கும், ஒட்டுப் பகுதி தனித்துத் தெரியத் தொடங்கும். மோசமான வினைஞர் நல்ல பகுதியின் மேலும் வண்ணத்தை நீட்டிப் பூசிவிடுவார். புறஊதா விளக்கில் பார்த்தால் எவ்வளவு தூரம் பூசியிருக்கிறார் என்று தெரியும். விற்க நேர்ந்தால் வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விற்பது ஏமாற்று.

அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பசை அசிட்டோனில் கரைந்துவிடும் என்பதால், பிரித்தெடுப்பது எளிது. ஆனால் அது 40 டிகிரி வெப்பத்தை ஒட்டி இளகத் தொடங்கும். ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் சரி. வேலூரிலோ மதுரையிலோ சித்திரை வெயிலில், மின்சாரம் இல்லாத மதியத்தில், கனமான குடுவையின் ஒட்டு மெல்ல நழுவ வாய்ப்பு உண்டு. குளிர்ந்த அறை உறுதி என்றால் மட்டும் கேளுங்கள்.

## எபாக்ஸியும் பொன் நிறத் தூளும்

இணையத்தில் 'கின்ட்சுகி கிட்' என்று வருபவற்றில் விலை மலிந்தவை பெரும்பாலும் இதுதான். பொன் நிறம் பித்தளைத் தூளிலிருந்தோ மைக்காவிலிருந்தோ வருகிறது. ஒரு மாலையில் முடிந்துவிடும், தோல் அரிப்பு குறைவு, பழகுவதற்கு நல்லது. புதிய காபிக் கோப்பை, பூந்தொட்டி இவற்றுக்குத் தாராளமாகச் செய்யுங்கள். பழைய பாண்டத்துக்கு வேண்டாம். உணவுக்கு உகந்ததல்ல, பித்தளை மங்கும், தடித்த கோடு மெருகின் மேல் புடைத்து நிற்கும். பின்னால் உருஷி வினைஞரிடம் போனால் முதலில் இதை நீக்கவே அவர் தனிக்கூலி கேட்பார். நீக்கும்போது ஓரம் உதிரும் அபாயமும் உண்டு.

## உலோகத் தையல்

ஓட்டையிட்டு உலோகக் கவ்வி அடிப்பது. இன்று புதிதாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் நல்ல உடலில் துளை போட வேண்டும். பழைய கவ்வியோடு வந்தால் கழற்றவும் வேண்டாம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுச் சீனப் பச்சை மெருகுக் கிண்ணம் 'பகோஹன்' அதற்கு எடுத்துக்காட்டு. விரிசல் விட்ட அதைச் சீனாவுக்கு அனுப்பி, இதேபோல் இன்னொன்று வேண்டும் என்று ஜப்பானை ஆண்ட ஷோகுன் (படைத்தலைவர்) அஷிகாகா யோஷிமாசா கேட்டதாகவும், அப்படியொன்று இப்போது இல்லை என்று கவ்வி அடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் சொல்வார்கள். அந்தக் கவ்விகளால்தான் அதற்குப் பெயரும் புகழும்.

## ஏற்கெனவே யாரோ ஒட்டியிருந்தால்

பழைய ஒட்டு அழகாக இல்லை, பிரித்துப் புதிதாகச் செய்யலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இதற்குத் தேநீர் மரபிலேயே ஒரு கதை இருக்கிறது. 'உன்ஸான்' என்ற தேயிலைத்தூள் குடுவையை அதன் உரிமையாளர் புகழ்பெற்ற தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவுக்கு (1522–1591) காட்டினார். ரிக்யூ கண்டுகொள்ளவில்லை. உரிமையாளர் மனம் நொந்து குடுவையை உடைத்துவிட்டார். நண்பர் ஒருவர் துண்டுகளை ஒட்டி மறுபடி விருந்தில் வைத்தபோது, இப்போதுதான் அருமை என்றாராம் ரிக்யூ. பிற்காலத்தில் அதைப் பெரும் விலைக்கு வாங்கிய பிரபு, ஒட்டுகள் சரியாகப் பொருந்தவில்லையே, திருத்தலாமா என்று இன்னொரு தேநீர் ஆசான் கொபோரி என்ஷூவிடம் கேட்டார். ஒட்டு பொருந்தாமல் இருப்பதால்தான் ரிக்யூ அதை ரசித்தார், அப்படியே விடுங்கள் என்றார் என்ஷூ.

நானும் அதையே சொல்கிறேன், இரண்டு விதிவிலக்கோடு. ஒட்டு தளர்ந்து பாண்டம் விழும் நிலையில் இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். இன்னொன்று உடல்நலம்: எடோ காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, உடைந்த பீங்கானை ஈயக் கண்ணாடித் தூளால் ஒட்டி மறுபடி சுட்டுத் தரும் தொழிலாளர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். அந்த ஒட்டு வெள்ளையாக, கண்ணாடிபோல் மெலிதாகப் புடைத்திருக்கும். அப்படிப்பட்ட தட்டு ஒரு சாதாரணக் குடும்பம் அதை எவ்வளவு போற்றியது என்பதற்குச் சாட்சி. அதை வைத்துப் பாருங்கள், அதில் சாப்பிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | குடிக்க, உண்ண | காலம் | பிரிக்க முடியுமா | பொருத்தமானது |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | விரிசல் விட்டதில் உலர் பண்டம் மட்டும் | இல்லை | கேள்வியே இல்லை | சூளைக் குறை, மயிரிழை விரிசல் |
| உருஷியும் பொன்னும் | ஆகும் | சில மாதங்கள் | கடினம் | சில தெளிவான உடைவுகள், அடக்கமான மெருகு |
| பொன் இல்லாத உருஷி | ஆகும் | சில மாதங்கள் | கடினம், பொன் சேர்க்கலாம் | மண்ணிறப் பாண்டம், அன்றாடப் பயன்பாடு |
| மறைப்பு ஒட்டு | ஆகாது | வினைஞரைப் பொறுத்தது | பசையைப் பொறுத்தது | ஓவியப் பீங்கான், பொம்மை |
| எபாக்ஸி கிட் | ஆகாது | ஒரு நாள் | முடியும், சேதத்தோடு | புதிய பாண்டம் |

## கொடுக்கும் முன்

துண்டுகளை உடனடிப் பசையால் தற்காலிகமாகக்கூட ஒட்டாதீர்கள். கழுவ வேண்டுமென்றால் வெந்நீரும் பஞ்சும் போதும். ப்ளீச் வேண்டாம், உறிஞ்சும் மண்ணில் அது உள்ளேயே தங்கிவிடும். வினைஞரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒட்டுவது உருஷியா, எபாக்ஸியா? தூவும் தூள் பொன்னா, பித்தளையா? வேலை முடிந்தபின் எத்தனை வாரம் கழித்துச் சூடாக ஊற்றலாம்? நல்லவர் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார்.

ஜப்பானுக்கு அனுப்பிச் செய்ய நினைத்தால், இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொட்டலம் கட்டும் முன் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாண்டத்தோடு வந்த மரப்பெட்டியில் எழுத்து இருந்தால் படம் எடுத்துவைத்துக்கொண்டு, பெட்டியை வீட்டிலேயே வைத்திருங்கள். வினைஞருக்குத் தேவை கிண்ணம் மட்டும்தான், பெட்டி தொலைந்தால் அதன் வரலாற்றில் பாதி போய்விடும்.